வகுப்பறைக்கு வெளியே ஒரு தாய்

தமிழ்நாட்டின் பல அரசுப் பள்ளிகளில், சிறப்புத் தேவையுள்ள பிள்ளை ஒன்று படிக்கிறது என்பதை வருகைப் பதிவேட்டைத் திறக்காமலே தெரிந்துகொள்ளலாம். வராண்டாவில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் ஒரு கூடை. அதில் தண்ணீர் பாட்டில், மாற்றுத் துணி, கிண்ணம், கரண்டி, துண்டு. காலையில் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தவர், சாயங்காலம் மணியடிக்கும்வரை அங்கேயே இருப்பார். கழிப்பறைக்குத் தூக்கிப் போக வேண்டும். சோற்றைக் குழையப் பிசைந்து ஊட்ட வேண்டும். வலிப்பு வந்தால் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும். அவரால் கூலி வேலைக்குப் போக முடியாது. நூறு நாள் வேலைக்கும் போக முடியாது. அவருக்குக் காய்ச்சல் என்றால் பிள்ளைக்கு அன்று விடுப்பு. அவருக்கு இடுப்பு வலி நிரந்தரமாகிவிட்டால், பிள்ளையின் படிப்பு அத்தோடு முடிந்தது.

இலவசக் கட்டாயக் கல்வி அந்தப் பிள்ளையின் உரிமை என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அந்த உரிமை ஒரு பெண்ணின் உடல்வலுவை நம்பி நிற்கிறது.

இந்தப் பிள்ளைகளுக்குச் சட்டம் குறை வைக்கவில்லை. திட்டங்களும் இருக்கின்றன. திட்டத்துக்கும் பிள்ளைக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. பள்ளி நாளின் ஒவ்வொரு மணி நேரமும் யாராவது ஒருவர் நின்று நிரப்ப வேண்டிய இடைவெளி அது. அங்கே இன்று தாய் மட்டும் நிற்கிறார். ஊர் அங்கே வந்து நிற்க வேண்டும். இரக்கப்பட்டு எப்போதாவது வந்து போவதைச் சொல்லவில்லை. ஏற்பாடாக, பொறுப்பாக, கூலியோடு வந்து நிற்பதைச் சொல்கிறேன்.

சட்டம் கொடுத்திருப்பது

1974இல் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தை ஒன்றிய அரசு தொடங்கியது. அது பல பெயர்களைக் கடந்து, 2018 முதல் ‘சமக்ர சிக்ஷா’ என்ற ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பகுதியாக இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரையுள்ள எல்லாப் பிள்ளைகளுக்குமானது. 2012இல் அது திருத்தப்பட்டு, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் சேர்க்கப்பட்டார்கள். கடுமையான பாதிப்புள்ளவர்கள் வீட்டிலிருந்தே படிக்கவும் வழி திறந்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இன்னும் விரிவானது. 1995ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகளே இருந்தன. புதிய சட்டம் அவற்றை இருபத்தொன்றாக்கியது. ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் சேர்த்துக்கொண்டது. 18 வயதுவரை இலவசக் கல்வியை உறுதிசெய்தது.

கீழே வட்டார வள மையம் இருக்கிறது. அங்கே சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறை மருத்துவர்களும் இருக்கிறார்கள். மருத்துவ முகாம் நடக்கிறது. அடையாள அட்டை, சக்கர நாற்காலி, காதொலிக் கருவி, பிரெய்ல் புத்தகம் எல்லாம் வழங்கப்படுகின்றன. சிறப்புத் தேவையுள்ள மாணவிகளுக்கு மாதம் 200 ரூபாய் உதவித்தொகை உண்டு. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாநில அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. பிள்ளைகளின் குறைபாடுகளை ஆசிரியர்களே முதல்கட்டமாகக் கண்டறிந்து பதிவதற்கு ‘நலம் நாடி’ என்ற செயலியும் வந்துவிட்டது.

இத்தனை இருந்தும் அந்தத் தாய் ஏன் வராண்டாவில் இருக்கிறார்?

பள்ளி வாரத்துக்கு ஐந்து நாள். சிறப்புப் பயிற்றுநர் ஒரு நாள் வந்து ஒரு மணி நேரம் பிள்ளையோடு உட்கார்ந்துவிட்டுப் போனால், மீதி நான்கு நாள் இருக்கிறது. அவரைக் குறை சொல்வதற்கில்லை. பஸ் பிடித்து, பஸ் போகாத ஊருக்கு நடந்தோ வண்டியில் தொற்றியோ போய், ஒருவரே பல பள்ளிகளைக் கவனிக்கிறார். பள்ளி முடிந்தால் வீட்டிலிருக்கும் பிள்ளைகளையும் போய்ப் பார்க்க வேண்டும். அலைபேசியில் பதிவேற்ற வேண்டும். முகாமுக்குப் பெற்றோரைத் திரட்ட வேண்டும். சிறப்பாசிரியர்கள் இல்லாத நிலை குறித்து 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கடுமையாகப் பேசிய பிறகு, தொடக்கநிலையில் 10 பிள்ளைகளுக்கு ஒருவர், உயர் தொடக்கநிலையில் 15 பிள்ளைகளுக்கு ஒருவர் என்று ஒன்றிய அரசு வரையறை வகுத்தது. அந்த வரையறையை எட்ட நாம் போக வேண்டிய தூரம் மிக அதிகம். இருப்பவர்களும் ஆண்டுக்கணக்கில் தொகுப்பூதியத்தில் இருக்கிறார்கள். பணிநிரந்தரம் கேட்டு வீதியில் உட்கார்ந்திருக்கிறார்கள். 2024-25ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய சமக்ர சிக்ஷா நிதி சுமார் 2,152 கோடி ரூபாயை, பி.எம். ஸ்ரீ பள்ளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்று ஒன்றிய அரசு நிறுத்திவைத்தபோது, இவர்களுடைய சம்பளமும் அந்த இழுபறியில் மாட்டிக்கொண்டது. கொள்கைச் சண்டைக்கு நியாயங்கள் இருக்கலாம். நடக்க முடியாத ஒரு பிள்ளையின் பயிற்சியைப் பணயமாக வைப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது.

ஊர் வந்து நிற்க வேண்டும் என்று நான் கேட்பதை, ‘அப்படியானால் அரசு விலகிக்கொள்ளலாம்’ என்று யாரும் படித்துவிடக் கூடாது. பயிற்சி பெற்ற சிறப்பாசிரியருக்கு ஊரார் மாற்று ஆக மாட்டார்கள். அவர் இல்லாத நான்கு நாளும் அவர் சொல்லிக்கொடுத்தபடி செய்வதற்கு ஆள் வேண்டும் என்பதுதான் என் வாதம்.

கழிப்பறையிலிருந்து தொடங்குவோம்

கல்வி பற்றிய கட்டுரையில் கழிப்பறைக்கு இவ்வளவு இடமா என்று யோசிப்பவர்கள், மூளை முடக்குவாதம் உள்ள ஒரு பிள்ளையின் பெற்றோரிடம் பேசிப் பார்க்கட்டும். பாடம், புத்தகம், தேர்வு எல்லாம் பிறகுதான் வரும். முதல் கேள்வி: “அங்க போனா யாரு தூக்கிட்டுப் போவாங்க?”

எல்லாப் பள்ளியிலும் சாய்தளம் இருப்பதாகப் படிவங்கள் சொல்கின்றன. சாய்தளம் என்றால் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாவது வேண்டும். பல இடங்களில் படிக்கட்டின் மேல் சிமெண்டைக் கொட்டிச் சறுக்குமரம்போல் செய்துவைத்திருக்கிறார்கள். சக்கர நாற்காலியில் தனியாக ஏறவும் முடியாது. இறங்கினால் நேராகப் போய்ச் சுவரில் மோத வேண்டும். கைப்பிடி ஒருபக்கம்தான் இருக்கும், அதுவும் பாதிவரை. மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறையைக் கட்டியிருப்பார்கள். அது பூட்டியிருக்கும், அல்லது உள்ளே விளக்குமாறும் உடைந்த பெஞ்சும் இருக்கும். கதவு அகலம் போதாமல் நாற்காலி வாசலிலேயே நின்றுவிடும். உட்காரும் பீங்கான் இருந்தால் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்காது.

பிள்ளைகள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். அவர்கள் தண்ணீர் குடிப்பதில்லை. காலை ஏழு மணிக்குக் குடித்தது, மாலை ஐந்து மணிவரை தாங்க வேண்டும். சித்திரை வெயில் அடிக்கும் ஏப்ரல் மாதத்திலும் அப்படித்தான். மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் பிறகு வருகின்றன. உடம்பு சரியில்லாததால் பள்ளிக்கு வரவில்லை என்று பதிவேடு எழுதிக்கொள்ளும். பள்ளிக்கு வந்ததால் உடம்பு சரியில்லாமல் போனது என்று எழுத அதில் இடமில்லை.

பெண்பிள்ளைகள் என்றால், வயதுக்கு வந்த அன்றோடு பலருக்குப் பள்ளி நின்றுவிடுகிறது. அந்த மூன்று நாள் யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கேள்விக்குப் பள்ளியிடம் பதில் இல்லை. பிறகு பாதுகாப்பு பற்றிய பயம் வந்து சேர்கிறது. பேச்சு வராத, நடந்ததைச் சொல்லத் தெரியாத மகளை யாரை நம்பி விடுவது என்று ஒரு தாய் கேட்டால், அவருடைய அச்சத்தை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்த இடத்தில்தான் ஊரின் ஏற்பாடு உடனடியாக வேலை செய்யும். ஒவ்வொரு ஊரிலும் மகளிர் சுயஉதவிக் குழு இருக்கிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில், விடியற்காலையில் அடுப்பு மூட்டிச் சமைத்துப் போடுபவர்கள் இந்தக் குழுப் பெண்கள்தான். பெருந்தொற்றுக்குப் பிறகு 2021இல் ‘இல்லம் தேடிக் கல்வி’ வந்தபோது, லட்சக்கணக்கில் தன்னார்வலர்கள் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். பெரும்பாலும் அதே தெருவில் படித்துவிட்டு வீட்டிலிருந்த பெண்கள். ஊர்ப் பெண்களைப் பள்ளிக்குள் கொண்டுவருவது எப்படி என்பது இந்த மாநிலத்துக்குத் தெரியாத வித்தை அல்ல. பள்ளிக்கு ஒரு துணையாளர் என்று இதே வழியில் ஏன் நியமிக்கக் கூடாது? எப்படித் தூக்குவது, எப்படி உட்காரவைப்பது, விழுங்கச் சிரமப்படும் பிள்ளைக்குத் தலையை எந்த வாகில் வைத்து ஊட்டுவது, வலிப்பு வந்தால் என்ன செய்வது, என்ன செய்யவே கூடாது (கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது இன்னும் நடக்கிறது) என்பதையெல்லாம் வட்டார வள மையத்தின் இயன்முறை மருத்துவர் கற்றுக்கொடுக்கலாம்.

ஒரு நிபந்தனை. இந்த வேலைக்குக் கூலி வேண்டும், நியாயமான கூலி. ‘இல்லம் தேடிக் கல்வி’ தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய்தான் கொடுத்தோம். பெண்கள் செய்யும் பராமரிப்பு வேலையைச் சேவை, தாயுள்ளம், புண்ணியம் என்று புகழ்ந்து மலிவாக வாங்கிக்கொள்வது நம் பழக்கம். வராண்டாவில் உட்கார்ந்திருக்கும் தாயிடம் இப்போது அதைத்தான் இலவசமாக வாங்கிக்கொண்டிருக்கிறோம். அந்தத் தாயே பக்கத்து ஊர்ப் பள்ளிக்குச் சம்பளம் வாங்கும் துணையாளராகப் போகலாம். அவரைவிட அனுபவம் உள்ளவர் யார்?

ஒப்புக்குச் சப்பாணி

தெருவில் பிள்ளைகள் விளையாடும்போது, ஆட்டம் தெரியாத சின்னப்பிள்ளையை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள். அதற்கு அவுட்டும் கிடையாது, ஆட்டமும் கிடையாது; சும்மா கூடவே ஓடிக்கொண்டிருக்கும். நம் வகுப்பறைகளில் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகள் பலர் அப்படித்தான் இருக்கிறார்கள். பெயர் இருக்கிறது, எட்டாம் வகுப்புவரை தேர்ச்சியும் இருக்கிறது, பாடம் அவர்களைத் தொட்டதேயில்லை.

ஆசிரியரைவிட அதிகம் செய்யக்கூடியவர்கள் உடன் படிக்கும் பிள்ளைகள்தான். ஐந்தாம் வகுப்புப் பையன்கள் சக்கர நாற்காலியின் பிரேக்கை எப்போது போட வேண்டும் என்று பெரியவர்களைவிடச் சரியாகத் தெரிந்துவைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். காது கேளாத தோழிக்காகச் சைகைகளைக் கற்றுக்கொண்டு, அவற்றோடு தாங்களாகச் சில சைகைகளையும் சேர்த்து, வகுப்பு நடக்கும்போதே ஆசிரியருக்குத் தெரியாமல் கதை பேசும் சிறுமிகளையும் பார்த்திருக்கிறேன். அந்தக் கதையில்தான் அந்தப் பிள்ளை வகுப்பின் ஆளாகிறது. ஆசிரியர் செய்ய வேண்டியது சின்னச் சின்னக் காரியங்கள். கரும்பலகையைப் பார்த்தபடி பேசாமல் பிள்ளைகளைப் பார்த்துப் பேசினால், காதொலிக் கருவி போட்ட பிள்ளை உதட்டசைவையும் படித்துக்கொள்ளும். பார்வை மங்கலான பிள்ளையை ஜன்னல் வெளிச்சம் கண்ணில் அடிக்காத முன்வரிசையில் உட்காரவைக்கலாம். இரைச்சலைத் தாங்க முடியாத ஆட்டிசப் பிள்ளைக்கு, மணியடிக்கப் போகிறது என்று ஒரு நிமிடம் முன்னால் சொல்லலாம். இதற்கெல்லாம் அரசாணை வேண்டியதில்லை.

தடுப்பது பெரும்பாலும் பெரியவர்கள்தான். “அவன்கிட்ட போகாத, ஒட்டிக்கும்” என்று சொல்லியனுப்பும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. படித்த வீடுகளில் அதே பயம் வேறு சொற்களில் வருகிறது: ‘அந்தப் பிள்ளையால என் பிள்ளை படிப்பு கெடுது.’ தனியார் பள்ளிகள் பல, இந்தப் பெற்றோரின் பேச்சைக் கேட்டு, “எங்ககிட்ட வசதி இல்ல, வேற நல்ல ஸ்கூலா பாருங்க” என்று மென்மையாகச் சொல்லிக் கதவைச் சாத்துகின்றன. 2016ஆம் ஆண்டுச் சட்டம், அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் இந்தப் பிள்ளைகளைப் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்கிறது. சட்டத்தைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறு. மெதுவாகப் படிக்கும் ஒரு பிள்ளைக்காக ஆசிரியர் ஒரு கணக்கைக் கல்லும் குச்சியும் வைத்து இன்னொரு முறை விளக்கும்போது, கைதூக்கிக் கேட்கக் கூச்சப்பட்ட இன்னும் பத்துப் பிள்ளைகளுக்கு அது புரிகிறது. வகுப்பு கெடுவதில்லை, அங்கேதான் அது நன்றாக நடக்கிறது.

வகுப்புக்கு வரவே முடியாத பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வீட்டுவழிக் கல்வி. சிறப்புப் பயிற்றுநரோ இயன்முறை மருத்துவரோ குறிப்பிட்ட நாளில் வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுப்பார். அந்தப் பிள்ளையின் பெயர் பள்ளியில் இருக்கும். வகுப்பில் யாரும் அதன் முகத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். கேரளத்தில் இதற்கு ஓர் அருமையான ஏற்பாடு செய்தார்கள். ‘சங்ஙாதிக்கூட்டம்’, அதாவது தோழர் கூட்டம் என்று பெயர். படுக்கையில் இருக்கும் பிள்ளையின் வீட்டுக்கு வகுப்புத் தோழர்கள் சேர்ந்து போகிறார்கள்; பாடுகிறார்கள், படம் வரைகிறார்கள், புத்தகம் கொண்டுபோகிறார்கள். பள்ளிக்குப் பிள்ளை போக முடியாவிட்டால் பள்ளி வீட்டுக்கு வரட்டும் என்பது எண்ணம். அதே மாநிலத்தில் கிராம ஊராட்சிகளே குடும்பஸ்ரீ என்ற மகளிர் குழு அமைப்பின் பெண்களின் துணையோடு ‘பட்ஸ்’ சிறப்புப் பள்ளிகளை 2004 முதல் நடத்திவருகின்றன. நம் ஊராட்சிகள் தெருவிளக்கும் குடிநீரும் பார்ப்பதுபோல் அங்கே இதையும் பார்க்கிறார்கள்.

தோழர்கள் வீட்டுக்குப் போவதில் இன்னொரு விளைவும் உண்டு. விருந்தாளி வந்தால் உள்ளறையில் படுக்கவைக்கப்படும் பிள்ளைகளை நாம் எல்லோரும் அறிவோம். முன்ஜென்ம வினை, சாபம், தாய் கிரகணத்தில் வெளியே வந்தது என்று எத்தனையோ காரணங்களைச் சொந்தக்காரர்கள் அந்த வீட்டுக்குச் சொல்லியிருப்பார்கள். பத்துப் பிள்ளைகள் சீருடையோடு அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, அந்தப் பேச்சுக்குத் தெருவில் மதிப்புக் குறைகிறது. கல்யாணம், காதுகுத்துக்கு அழைப்பு வராத குடும்பத்துக்கு அந்தச் செருப்புகள் எவ்வளவு பெரிய விஷயம் என்பது அந்தக் குடும்பத்துக்குத்தான் தெரியும்.

கண்ணுக்குத் தெரியாதவர்கள்

சக்கர நாற்காலியைப் பார்த்தால் வழிவிடுகிற ஊர், கற்றல் குறைபாடுள்ள பிள்ளையைப் பார்த்து ‘மக்கு’ என்கிறது. அவன் நன்றாகப் பேசுவான். சைக்கிள் செயினை மாட்டுவான். கடையில் சில்லறைக் கணக்கு தப்பாமல் சொல்வான். எழுதச் சொன்னால் மட்டும் தடுமாறுவான். நம் எழுத்திலும் சிக்கல் இல்லாமல் இல்லை. ‘கெ’, ‘கே’, ‘கை’ என்று சொல்லும்போது முதலில் காதில் விழுவது ககரம். எழுதும்போது கொம்பும் இணைக்கொம்பும் அதற்கு முன்னால் வந்து நிற்கின்றன. ‘கொ’வில் இரண்டு பக்கமும் சூழ்ந்துகொள்கின்றன. ணகர, நகர, னகரமும் ரகர, றகரமும் எல்லாப் பிள்ளைகளும் தடுமாறும் இடங்கள்தான். மற்றவர்கள் கடந்துபோய்விடுகிறார்கள். இந்தப் பிள்ளை ஐந்தாம் வகுப்பிலும் அங்கேயே நிற்கிறது. அடி விழுகிறது. ட்யூஷனில் சேர்க்கிறார்கள், அங்கேயும் அடி விழுகிறது.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் இவர்களுக்குச் சலுகைகள் உண்டு: கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழித்தாளிலிருந்து விலக்கு. மருத்துவக் குழுவின் சான்றிதழ் இருந்தால் கிடைக்கும். பல பெற்றோருக்கு இது தெரியவருவது பத்தாம் வகுப்பில், தலைமையாசிரியர் தேர்ச்சி விகிதம் பற்றிக் கவலைப்படும் மாதங்களில். பத்து வருடம் ‘மக்கு’ என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அப்போது ஒரு சான்றிதழ் கிடைக்கிறது. இரண்டாம் வகுப்பிலேயே கண்டுபிடித்து, மணலில் எழுதியும் எழுத்தைத் தொட்டுணர்ந்தும் ஒலியாகப் பிரித்தும் கற்றுக்கொடுத்திருந்தால், அவன் தன்னால் முடிகிற அளவு வாசித்திருப்பான். ஊர் இங்கே செய்ய வேண்டிய உதவி, அந்தச் சொல்லை நாக்கிலிருந்து எடுப்பது. டீக்கடையிலும் உறவினர் வீட்டிலும் ரேங்க் கேட்பதை நிறுத்துவது. ‘இல்லம் தேடிக் கல்வி’ப் பெண்களைப் போன்றவர்களுக்கு இந்த அறிகுறிகளைக் கற்றுக்கொடுத்துவிட்டால், ஒரு பிள்ளையை மாதக்கணக்கில் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்ப்பவர்கள் என்பதால், செயலிக்கு முன்னால் அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

எத்தனை பிள்ளைகள் என்ற கணக்கும் ஊர்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.8 லட்சம் பேர். இன்று ஆறாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை அப்போது பிறக்கவே இல்லை. பள்ளி வயதுப் பிள்ளைகளை ஐந்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அங்கன்வாடிப் பணியாளருக்கும் கிராம சுகாதாரச் செவிலியருக்கும் எந்த வீட்டில் கழுத்து நிற்காத குழந்தை இருக்கிறது என்று தெரியும். அந்த அறிவு பள்ளிக்கு வந்து சேரும் பாதைதான் அறுந்துகிடக்கிறது.

ஆய்க்குடியில் நடந்தது

ஊரால் முடியும் என்று சொல்வதற்கு எனக்கு ஆதாரம் தென்காசி மாவட்டம் ஆய்க்குடி. 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்த இளைஞர் எஸ்.ராமகிருஷ்ணன். மாற்றுத்திறனாளிகளுக்கான ஆண்டாக ஐ.நா. அறிவித்த 1981இல், தன் ஊரிலேயே அமர்சேவா சங்கத்தைத் தொடங்கினார். தசைச்சிதைவு நோயுடன் வாழும் பட்டயக் கணக்காளர் எஸ்.சங்கரராமன் பின்னர் அவரோடு சேர்ந்தார். ராமகிருஷ்ணனுக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. விருதைவிட, அவர்கள் வேலை செய்த முறைதான் நாம் கவனிக்க வேண்டியது. எல்லோரும் மையத்துக்கு வரட்டும் என்று காத்திருக்கவில்லை. கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். குழந்தை தவழவில்லையா, திரும்பிப் பார்க்கவில்லையா என்று அந்தப் பெண்கள் ஆரம்பத்திலேயே கண்டறிகிறார்கள். இயன்முறை நிபுணரின் மேற்பார்வையில் வீட்டிலேயே பயிற்சி கொடுக்கிறார்கள். தாய்க்கும் பாட்டிக்கும் கற்றுக்கொடுக்கிறார்கள். மூன்று வயதுக்குள் பயிற்சி கிடைத்த குழந்தை ஐந்து வயதில் பள்ளிக்குள் வரும்போது, தேவைப்படும் உதவியே குறைந்துவிடுகிறது. அங்கே பெற்றோர்களும் குழுவாகச் சேர்ந்திருக்கிறார்கள். ஒரு தாய் தனியாகப் போய்க் கேட்டால் “பார்க்கலாம்மா” என்று அனுப்பிவிடுகிற அலுவலகம், இருபது தாய்மார் போனால் நாற்காலி போடுகிறது.

நம் பள்ளிகளில் அப்படி ஒரு குழு சட்டப்படியே இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம் தர வேண்டும். அதில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் பெற்றோரும் அடக்கம். கூட்டத்தில் அவர்கள் பேசுகிறார்களா என்பதுதான் கேள்வி. சுற்றுச்சுவர், குடிநீர்த் தொட்டி, ஆண்டு விழா என்று பேசி முடித்துக் கையெழுத்து வாங்கும்போது, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கடைசியில் உட்கார்ந்திருக்கும் தாயிடம் யாரும் கேட்பதில்லை. முதல் பொருளாகவே அவர்களைப் பேசச் சொல்ல வேண்டும். சாய்தளத்தை ஒரு சக்கர நாற்காலியில் உட்கார்ந்து ஏறிப் பார்த்துவிட்டுத்தான் ஒப்பந்ததாரருக்குக் கையெழுத்துப் போட வேண்டும்.

இப்போது இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. உள்ளாட்சி அமைப்புகள் அனைத்திலும் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் திருத்த மசோதாக்களைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025 ஏப்ரலில் நிறைவேற்றியது. 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஊராட்சிகளிலும் நகர்மன்றங்களிலும் உட்கார இதனால் வழி பிறந்திருக்கிறது. அவர்களில் பலர் பள்ளியில் தாங்கள் பட்டதை மறந்திருக்க மாட்டார்கள். உள்ளூர்ப் பள்ளியின் மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அவர்களை அழைப்பதை வழக்கமாக்க வேண்டும். துணையாளருக்கான கூலியில் ஒரு பங்கை ஊராட்சி ஏற்க வேண்டும் என்று கிராமசபையில் தீர்மானம் கொண்டுவர அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை.

மாற்றுத்திறனாளிகள் நாளான டிசம்பர் 3ஆம் தேதி மாவட்டத் தலைநகரங்களில் விழா நடக்கும். பலூன், ஓட்டப்பந்தயம், மூன்றுசக்கர வண்டி வழங்கும் படம். நடக்கட்டும், பிள்ளைகளுக்கு அன்று சந்தோஷம்தான். நான் கேட்பது மே மாதத்தைப் பற்றி. அந்த மாதம் பள்ளி மூடுகிறது. சத்துணவு கிடையாது. பகல்நேர மையமும் பயிற்சியும் பல இடங்களில் நின்றுவிடுகின்றன. ஜூன் மாதம் திரும்பி வரும்போது முழங்கால் மடங்க மறுக்கிறது. ஏப்ரலில் சுவரைப் பிடித்து நான்கு அடி நடந்த பிள்ளை மறுபடியும் இடுப்பில் வருகிறது. மற்ற பிள்ளைகளுக்கு அது விடுமுறை. இந்தப் பிள்ளைகளுக்கு ஓராண்டுப் பயிற்சியின் இழப்பு. வட்டாரத்துக்கு ஒரு பள்ளியிலாவது ஒரு வகுப்பறையையும் ஒரு கழிப்பறையையும் மே மாதம் திறந்துவைக்க வேண்டும். சுயஉதவிக் குழுவிலிருந்து இரண்டு பெண்கள், வாரம் இருமுறை இயன்முறை மருத்துவர், மதியச் சாப்பாடு, பிள்ளைகளை அழைத்துவர ஒரு ஆட்டோ. இதற்கான தீர்மானத்தைப் பள்ளி மேலாண்மைக் குழு மார்ச் மாதக் கூட்டத்திலேயே எழுதி, வட்டாரக் கல்வி அலுவலருக்கும் ஊராட்சித் தலைவருக்கும் ஒப்புகையோடு கொடுத்துவிட வேண்டும்; ஏப்ரலில் தேர்வு வேலை வந்துவிட்டால் யாருக்கும் நேரம் இருக்காது.